தாழ்வானில் யார் பறக்கிறார்கள் என்று சொல்லுங்கள்: ட்ரோன் ஓட்டுவோரின் கோரிக்கைச் சாசனம்

பயிருக்கு மருந்து அடிக்கவும், நிலம் அளக்கவும், கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் படம் எடுக்கவும், வெள்ளக் காலத்தில் ஊர் எந்தப் பக்கம் மூழ்கிக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் தமிழ்நாட்டில் ட்ரோன் ஓட்டுகிறவர்கள் நாங்கள். ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம், டிஜிசிஏ என்று அறியப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், இந்திய விமான நிலைய ஆணையம், தமிழ்நாடு அரசு ஆகிய நால்வர் முன்பும் இந்தச் சாசனத்தை வைக்கிறோம்.

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் எங்கள் மீது ஒரு கடமையைச் சுமத்தின. ஆட்கள் செல்லும் விமானத்துக்கு ட்ரோன் வழிவிட வேண்டும். எப்போதும் அதிலிருந்து விலகியே இருக்க வேண்டும். இதை முழு மனதோடு ஏற்கிறோம். ஹெலிகாப்டரில் இருப்பவர்கள் மனிதர்கள், எங்களுடையது இயந்திரம். யார் ஒதுங்க வேண்டும் என்பதில் விவாதமே இல்லை. ஆனால் எதற்கு வழிவிட வேண்டுமோ அது எங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் வழிவிட முடியும். அந்தத் தகவலில் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. விதி வந்த அன்றே அதுவும் எங்களுக்கு வந்திருக்க வேண்டும். இன்னும் ஏன் வரவில்லை என்பது ஒன்றே எங்கள் கேள்வி.

விதிகள் வந்த அடுத்த மாதமே வான்வெளி வரைபடமும் வந்தது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் 200 அடி வரை பறக்கலாம். மஞ்சள் மண்டலத்துக்கு வான் கட்டுப்பாட்டாளரின் அனுமதி, சிவப்புக்கு ஒன்றிய அரசின் அனுமதி. பயனுள்ள வரைபடம்தான். எங்கே பறக்கலாம் என்று அது சொல்கிறது. அங்கே இப்போது யார் பறக்கிறார்கள் என்று சொல்வதில்லை. ஹெலிகாப்டர்கள் வழக்கமாக 500 அடிக்கு மேலே பறக்கும் என்பதை நம்பியே எங்கள் எல்லை 400 அடியில் நிற்கிறது. இடையில் இருப்பது வெறும் 100 அடி. மீட்புப் பணிக்கு இறங்கும் ஹெலிகாப்டர் அந்த 100 அடியைப் பொருட்படுத்தாது, பொருட்படுத்தவும் கூடாது.

இந்த வெற்றிடத்தை நாங்கள் இப்போது செல்பேசியில் இருக்கும் விமானத் தடம் காட்டும் செயலிகளைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறோம். பிளைட்ரேடார்24, ஏடிஎஸ்-பி எக்ஸ்சேஞ்ச் போன்றவை. விமானம் தன் இடம், உயரம், வேகம் ஆகியவற்றைத் தானே 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை அறிவித்துக்கொண்டே போகிறது. இதற்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். யாரோ ஒரு தன்னார்வலர் தன் வீட்டு மொட்டைமாடியில் வைத்த ரிசீவர் அதைப் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறது. அது உலகைச் சுற்றி எங்கள் திரைக்கு வருகிறது. அந்தத் தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் 35,000 அடியில் போகும் துபாய் விமானத்தைத் துல்லியமாகக் காட்டும் இந்த ஏற்பாடு, எங்களுக்கு வேண்டிய உயரத்தில்தான் குருடாகிறது. ரிசீவருக்கும் விமானத்துக்கும் நடுவே மலையோ கட்டடமோ பூமியின் வளைவோ வந்தால் அலை எட்டாது. ஏடிஎஸ்-பி அனுப்பும் கருவியே இல்லாத பயிற்சி விமானங்களும் அதை அணைத்துவிட்டுப் பறக்கும் படை விமானங்களும் திரையில் தோன்றவே தோன்றா. தாம்பரம், அரக்கோணம், சூலூர், தஞ்சாவூர், உச்சிப்புளி எனப் படைத்தளங்கள் பரவிக் கிடக்கும் மாநிலம் இது. திரை காலியாக இருக்கிறது என்பதற்காக வானம் காலி என்று நினைக்க இங்கே யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: அரசின் வான்வெளி வரைபடத்திலேயே, பறந்துகொண்டிருக்கும் விமானங்களை நேரலையாகக் காட்டுங்கள். வான் கட்டுப்பாட்டு மையங்களின் திரைகளில் ராடார் தகவலும் ஏடிஎஸ்-பி தகவலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் பிரித்து எங்களுக்குத் தந்தால் போதும். தகவல் எத்தனை நொடி பழையது என்பதும் திரையில் தெரிய வேண்டும். ஒரு பகுதியில் உங்களுக்குத் தாழ்வான உயரத்தில் பார்வை கிடையாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். காலியான வானமும் பார்க்க முடியாத வானமும் ஒன்றுபோலத் தெரிவதுதான் இன்றைய செயலிகளின் மிகப்பெரிய ஆபத்து.

இதற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம். விமானத்தின் எண், அதில் இருப்பவர், கிளம்பிய இடம், சேரும் இடம் எதுவும் எங்களுக்கு வேண்டியதில்லை. படை விமானம் என்றால் புள்ளியாகக் கூடக் காட்ட வேண்டாம். ஐந்து கிலோமீட்டர் வட்டம் ஒன்றை வரைந்து, இந்த வட்டத்துக்குள் அடுத்த அரை மணி நேரம் ட்ரோன்கள் இறங்கியே இருக்கட்டும் என்று சொன்னால் போதும். காரணம் கேட்காமல் இறக்குவோம். வானில் ட்ரோன் இல்லாமல் இருப்பது படை விமானிக்கும்தான் பாதுகாப்பு.

இரண்டாவது கோரிக்கைதான் எல்லாவற்றிலும் அவசரமானது. ஹெலிகாப்டர் தாழப் பறக்கப்போகிறது என்றால் அந்த மாவட்டத்தில் பதிவு செய்த ட்ரோன் ஓட்டுநர்களுக்கு முன்கூட்டியே தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும். தலைவர்களின் வருகை, கடலோரக் காவல் படையின் தேடுதல், மின்பாதை ஆய்வு, வெள்ள மீட்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் இரண்டே வார இடைவெளியில் இரண்டு முறை நாம் இதைப் பார்த்தோம். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் உணவுப் பொட்டலங்கள் போட்டன. பின்னர் தாமிரபரணி வெள்ளத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் விமானப்படையும் கடற்படையும் ஹெலிகாப்டர்களோடு இறங்கின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலிலேயே சிக்கிக்கொண்டவர்கள் வரை மீட்பு போனது. அதுபோன்ற நாட்களில்தான் ட்ரோனுக்கும் அதிக வேலை. எந்தத் தெருவில் மாடியில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒருவர், செய்திக்குப் படம் எடுக்க ஒருவர், தன் வயலின் கதியைப் பார்க்க ஒருவர் என ஆளாளுக்கு ஏற்றுவார்கள். வெள்ளத்தில் கைபேசிக் கோபுரம் செயலிழந்துவிட்டால் தடம் காட்டும் செயலியும் அதோடு போயிற்று. ஹெலிகாப்டரும் ட்ரோனும் ஒரே வானில் ஒன்றை ஒன்று அறியாமல் பறப்பதை இன்னொரு பருவமழைக்கு நாம் விட்டுவைக்க முடியாது.

இது கற்பனை அச்சம் அல்ல. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த கனடா விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதித் துளை போட்டது. ஊர் எரிந்துகொண்டிருந்தபோது அந்த விமானம் தரையில் நிற்க வேண்டியதாயிற்று. மழை வருமுன் மாவட்டம் பிரித்து, மக்கள் செல்பேசிக்குத் தமிழில் எச்சரிக்கை அனுப்ப இங்கே அரசால் முடிகிறது. அதே வழியில் ஹெலிகாப்டர் எச்சரிக்கையும் அனுப்ப முடியும். புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில், ட்ரோன் ஏற்றப்போகிறேன், ஹெலிகாப்டர் உண்டா என்று கேட்டால் பதில் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். இணையம் இல்லாத நாளில் ஒரு தொலைபேசி அழைப்பே எங்களுக்குத் துணை.

மூன்றாவது, தடைகள் வரைபடத்துக்கு வர வேண்டும். ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க மாநில அரசுக்கும் காவல் துறைக்கும் விதிகளில் அதிகாரம் இருக்கிறது. அதை மின்னணுத் தளத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆனால் ட்ரோன் பறக்கத் தடை என்ற செய்தி பலமுறை நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரியாகத்தான் எங்களை வந்தடைகிறது. எங்கிருந்து எதுவரை, எந்த மணியிலிருந்து எந்த மணிவரை என்பதும் அதில் தெளிவாக இருப்பதில்லை. 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க் ஸ்டேட்டன் தீவு அருகே ராணுவ ஹெலிகாப்டர் மீது ஒரு ட்ரோன் மோதியது. அன்று அங்கே தற்காலிகத் தடை அமலில் இருந்தது. ட்ரோனைப் பார்வைக்கு அப்பால் வெகுதூரம் விட்டது அதை ஓட்டியவரின் குற்றம். ஆனால் அவர் நம்பியிருந்த செயலியில் அந்தத் தடை தெரியவில்லை என்பதும் விசாரணையில் பதிவானது. விசாரணை அதிகாரிகள் தொடர்பு கொண்ட பிறகுதான் தன் ட்ரோன் எதில் மோதியது என்பதே அவருக்குத் தெரிந்தது. தடை உத்தரவில் கையெழுத்து விழும் நேரமும் அது வரைபடத்தில் ஏறும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். வரைபடத்தில் ஏறாத தடைக்காக யார் மீதும் வழக்குப் போடக் கூடாது.

நான்காவது கோரிக்கை, தாழப் பறப்பவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பது. மாநில அரசு வாடகைக்கு எடுக்கும் ஹெலிகாப்டர்கள், தேர்தல் காலத்தில் கட்சிகள் வாடகைக்கு எடுப்பவை, பயிற்சிப் பள்ளிகளின் சிறு விமானங்கள் எல்லாம் ஏடிஎஸ்-பி அனுப்பும் கருவியோடுதான் பறக்க வேண்டும். கையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவிலேயே இப்போது அந்தக் கருவிகள் வந்துவிட்டன. பிரிட்டனில் 2020 அக்டோபர் முதல், இதுபோன்ற கருவி வாங்கும் சிறு விமான உரிமையாளர்களுக்குப் பாதி விலையை, 250 பவுண்டு வரை, அரசே திருப்பிக் கொடுத்தது. இங்கே முதல் படி இன்னும் எளிது. அரசு தன் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: கருவி இல்லாத ஹெலிகாப்டர் வாடகைக்கு எடுக்கப்படாது.

ஐந்தாவது, ரிசீவர்கள். சமவெளியில் மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் வைக்கும் ஓர் ஆன்டெனா, 500 அடியில் வரும் ஹெலிகாப்டரைத் தடையில்லாத நிலையில் சுமார் 60 கிலோமீட்டர் தூரத்திலேயே பிடித்துவிடும். காவிரிப் படுகை முழுவதையும் மூடச் சில கட்டடங்கள் போதும். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் கதை வேறு. அங்கே பள்ளத்தாக்குக்கு ஒன்று வேண்டியிருக்கும், ஆகவே அங்கிருந்தே தொடங்க வேண்டும். ரிசீவர் என்பது ஒரு சிறு கணினி, ஒரு யுஎஸ்பி ரேடியோ, ஓர் ஆன்டெனா. பொறியியல் மாணவர்கள் தங்கள் கையால் செய்யக்கூடியது. ட்ரோன் ஆராய்ச்சியில் குரோம்பேட்டை எம்ஐடிக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. மாநில அரசுக்கென்றே தமிழ்நாடு ஆளில்லா விமானக் கழகமும் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ரிசீவர்களை நிறுவட்டும். கிடைக்கும் தகவல் பொதுச் சொத்தாக இருக்கட்டும்; எந்தத் தனியார் செயலிக்கும் விற்கப்பட வேண்டாம். கூடவே, விமானப் பாதுகாப்புக்காக ஏடிஎஸ்-பி அலைவரிசையைக் கேட்பது சட்டப்படி சரியே என்று ஒன்றிய அரசு எழுத்தில் தெளிவாக அறிவிக்க வேண்டும். ஒரு கல்லூரி முதல்வர் தயங்குவதற்கு இடம் இருக்கக் கூடாது.

ஆறாவது, ட்ரோனிலேயே காது வேண்டும். சில வெளிநாட்டு ட்ரோன்கள் ஏடிஎஸ்-பி அலையைத் தாமே நேரடியாகக் கேட்டு, விமானம் நெருங்கினால் ரிமோட் திரையில் எச்சரிக்கின்றன. இணையமே தேவையில்லை, தாமதமும் இல்லை. 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. தடை வந்தபோது உதிரிபாகங்களுக்கு வழி திறந்தே விடப்பட்டது. ஆகவே நிலம் அளக்கவும் தொலைதூர ஆய்வுக்கும் பயன்படும் உள்நாட்டு ட்ரோன்களுக்கு வகைச் சான்று தரும்போது, அலையைக் கேட்கும் ரிசீவர் இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். பயிருக்கு மேல் ஆள் உயரத்தில் மருந்து அடிக்கும் ட்ரோனுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டாம். அங்கே ஆபத்து குறைவு, விலையேற்றமோ விவசாயி தலையில்தான் விழும். ட்ரோன்கள் இந்த அலைவரிசையில் தாமே அறிவிப்பு அனுப்பவும் வேண்டாம். ஆயிரக்கணக்கான ட்ரோன்கள் ஒரே அலைவரிசையில் கத்தத் தொடங்கினால் விமானிகளுக்கே ஒன்றும் கேட்காமல் போகும். அமெரிக்கா இதைப் பொதுவாகத் தடை செய்தே வைத்திருக்கிறது. கேட்பதற்கு மட்டுமே கருவி வேண்டும்.

ஏழாவது, பயிற்சி. ட்ரோன் பயிற்சிப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில், தடம் காட்டும் செயலியை எப்படிப் படிப்பது என்பதற்குச் செய்முறையோடு ஒரு பாடம் கட்டாயமாக வேண்டும். ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். செயலி காட்டும் உயரம் பெரும்பாலும் தரையிலிருந்து அளந்தது அல்ல. 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டது. எங்கள் ரிமோட் காட்டும் உயரமோ ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து. கோவை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் செயலியில் 1,700 அடி என்று ஒரு ஹெலிகாப்டர் தெரிந்தால், 1,700 எங்கே, நம் 400 எங்கே என்று புதிதாக ஓட்டுகிறவர் நிம்மதியடைவார். உண்மையில் அது 400 அடியில் வருகிறது. அன்றைய காற்றழுத்தம், கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டால், 1006 என்று இருந்தால் இன்னும் ஏறத்தாழ 200 அடி கழியும். அதாவது ஹெலிகாப்டர் ட்ரோனுக்கும் கீழே இருக்கிறது. நேரக் கணக்கும் இப்படித்தான். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹெலிகாப்டர் 10 நொடியில் 600 மீட்டர் கடந்துவிடும். திரை 10 நொடி பழையது என்றால் புள்ளி இருக்கும் இடத்தில் ஹெலிகாப்டர் இல்லை. அலை அறுந்துபோன விமானத்தைச் சில செயலிகள் ஊகித்து நகர்த்திக்கொண்டே போகும் என்பதும் பலருக்குத் தெரியாது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் திரையைத் தேடக் கூடாது. முதலில் ட்ரோனை இறக்க வேண்டும், வானத்தைப் பார்க்க என்றே கூட ஒருவர் நிற்க வேண்டும் என்பதையும் அதே பாடத்தில் சொல்லித்தர வேண்டும். செயலி கண்ணுக்கும் காதுக்கும் துணை. ஒருநாளும் மாற்று ஆகாது.

எட்டாவது, எல்லாம் தமிழில் வேண்டும். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் தந்தது. வயலில் நின்று ட்ரோன் ஓட்டும் பெண், ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் வரும் விமான அறிவிப்பைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்க முடியாது. வரைபடம், எச்சரிக்கை, தடை உத்தரவு, உதவி எண் என எதையும் அவர் மொழியில் தருவது அரசின் பொறுப்பு.

ஒன்பதாவது, மோதாமல் தப்பிய சம்பவங்களை அச்சமின்றிச் சொல்ல ஒரு வழி வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க விதி இருக்கிறது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனது, நல்லவேளை ட்ரோனை இறக்கிவிட்டேன் என்று சொல்வதற்கும் எளிய படிவம் ஒன்று தமிழில் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர் மீது, அவர் வேண்டுமென்றே விதி மீறியிருந்தால் ஒழிய, அபராதம் கூடாது. அமெரிக்காவில் விமானிகளின் இத்தகைய அறிக்கைகளை 1976 முதல் நாசா பெயர் நீக்கிச் சேகரித்துவருகிறது. எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்த நேரத்தில் நெருக்கம் அதிகம் என்பது அப்படித்தான் தெரியவரும். அந்த விவரங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும்.

கால வரையறையையும் நாங்களே சொல்கிறோம். குறுஞ்செய்தி எச்சரிக்கை, 1077 ஏற்பாடு, தடைகளை வரைபடத்தில் ஏற்றுவது ஆகிய மூன்றும் அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் நடைமுறைக்கு வர வேண்டும். இவற்றுக்குச் சட்டத் திருத்தமோ பெரிய நிதியோ தேவையில்லை. பயிற்சிப் பாடமும் தமிழ் வடிவமும் ஆறு மாதத்தில். கல்லூரி ரிசீவர்களும் வரைபடத்தில் நேரலையும் ஓராண்டில். ட்ரோன்களில் ரிசீவர், ஹெலிகாப்டர்களில் அனுப்பும் கருவி ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர்களின் வசதியையும் எண்ணி இரண்டாண்டு தருகிறோம். ஆளில்லா விமானப் போக்குவரத்து மேலாண்மைக்கான தேசியக் கொள்கை 2021 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆகவே யோசிக்க நேரம் வேண்டும் என்ற பதிலை நாங்கள் ஏற்கப்போவதில்லை.

நான்கு அமைப்புகளும் தத்தம் பங்குக்குரிய கோரிக்கைகளுக்கு, பொறுப்பேற்கும் அதிகாரியின் பதவியையும் முடிக்கும் தேதியையும் குறிப்பிட்டு, 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் எங்கள் பிரதிநிதிகள் இந்தச் சாசனத்தை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குவார்கள். முதல் கூட்டத்தை நீலகிரியிலோ தூத்துக்குடியிலோ வைத்துக்கொள்ளலாம். ரிசீவர் எங்கே வைக்கலாம் என்ற இடப்பட்டியலோடு நாங்கள் வருகிறோம். ஹெலிகாப்டர் இறங்கும் இடங்களின் பட்டியலோடு நீங்கள் வாருங்கள்.